வென்ற இரவின் தணிக்கை

2019 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. மாமல்லபுரத்தில் பிரதமர் மோடி வேட்டி சட்டையில் சீன அதிபர் ஷி ஜின்பிங்கை அர்ச்சுனன் தபசுக்கும் ஐந்து ரதங்களுக்கும் அழைத்துப் போய்க் காட்டினார். அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் உள்ளே, செங்கல்பட்டில் ஒரு மாடியறையில், கணக்குத் தணிக்கை வேலை பார்க்கும் ஒருவர் இரவு பத்தரை மணிக்கு மடிக்கணினியைத் திறந்தார். இரண்டரை மணிக்கு மூடும்போது 412 கை ஆடியிருந்தார். இருப்பு 640 ரூபாய் கூடியிருந்தது.

தொகை பெரிதில்லை. ஆட்டமும் சின்ன ஆட்டம்தான்: ஆறு பேர் உட்காரும் மேசை, பத்து–இருபது ரூபாய் லிமிட் போக்கர். ஆளுக்கு இரண்டு சீட்டு மூடியபடி கொடுப்பார்கள். நடுவில் முதலில் மூன்று சீட்டு திறக்கும், பிறகு ஒன்று, கடைசியாக இன்னொன்று. ஃப்ளாப், டர்ன், ரிவர் என்று பெயர். முதல் இரண்டு சுற்றில் பத்துப் பத்தாக, கடைசி இரண்டு சுற்றில் இருபது இருபதாக மட்டுமே கட்டலாம், ஏற்றலாம். சினிமாவில் வருவதுபோல் இருப்பதையெல்லாம் நடுவில் தள்ளிவிட்டு எதிராளியின் கண்ணை முறைக்கும் காட்சிக்கு இதில் இடமே கிடையாது. ‘உள்ளே வெளியே’ போல ஒரே சீட்டில் தலையெழுத்து மாறுவதும் இல்லை. மளிகைக் கடைக் கல்லா மாதிரி சில்லறையாக வரும், சில்லறையாகவே போகும்.

உலகம் முழுக்க அப்போதே லிமிட் மேசைகள் காலியாகிக்கொண்டிருந்தன. கூட்டமெல்லாம் வரம்பில்லாத ஆட்டத்துக்குப் போய்விட்டது. இவர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அவருடைய தொழில். சில்லறைக் கணக்கில்தான் தவறு ஒளிந்திருக்கும் என்பது தணிக்கைக்காரருக்கு ரத்தத்தில் ஊறிய நம்பிக்கை.

ஆடி முடித்த மறுநாள் காலை அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆடிய இணையத் தளத்திலிருந்து ஒவ்வொரு கையின் பதிவையும் இறக்கி, சந்தேகமான இருபது முப்பதை அச்செடுத்துக்கொண்டு, ஸ்கூட்டரில் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போவார். ஊர்க்கூட்டம் மொய்க்கும் இடங்களைத் தவிர்த்து, மேற்கே தள்ளி நிற்கும் பிடாரி ரதங்கள் பக்கம் உட்காருவார். அவை முடிக்கப்படாத கோயில்கள். மேல்பகுதி செதுக்கியாகிவிட்டது, அடியில் வெறும் பாறை. பல்லவர் காலத்துச் சிற்பி மேலிருந்து கீழே வந்த வழி அப்படியே தெரியும். ஏறத்தாழ முழுமையான கணேச ரதத்தில் இந்த வழி தெரியாது. வென்ற ஆட்டமும் கணேச ரதம் மாதிரிதான், பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும் என்று அவர் சொல்வதுண்டு. கொஞ்சம் மிகையான ஒப்பீடு. ஆனால் உட்காரக் கிடைத்த நிழலுக்கு அவர் காட்டிய நன்றியாக எடுத்துக்கொள்ளலாம்.

அந்தச் சனிக்கிழமை கடற்கரைப் பக்கம் கெடுபிடி. அன்று காலை பிரதமர் கடற்கரை மணலில் பிளாஸ்டிக் குப்பையைச் சேகரிக்கும் காணொளி எல்லாக் கைப்பேசிகளிலும் ஓடியது. இவர் தம்முடைய குப்பையைப் பிரிக்கக் கொளவாய் ஏரிக்கரைக்கு நடந்தார்.

அங்கே வந்து சேர்ந்தவர் ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர். செங்கல்பட்டிலிருந்து சென்னைக் கடற்கரை நிலையம் வரை மின்சார ரயிலில் முப்பது வருடம் போய்வந்தவர். அந்தப் பயணம் முழுக்க ரம்மி: எதிரெதிர் இருக்கையில் நாலு பேர், முழங்கால்களின் மேல் விரித்த செய்தித்தாள், ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. தாம்பரத்தில் ஏறுபவர்கள் நின்றபடி வேடிக்கை பார்ப்பார்கள். போக்கர் அவருக்குப் புதிது. ஆனால் சீட்டு தெரிந்தவருக்கு எந்தச் சீட்டாட்டமும் முழுதாகப் புதிதல்ல.

“செயிச்ச ஆட்டத்த எதுக்குப்பா நோண்டிக்கிட்டுக் கெடக்கிற? தோத்தவன் பார்க்கட்டும் கணக்கு.”

“நட்டம் காட்டுற கிளைய எல்லாரும் தோண்டுவாங்க சார். நாங்க லாபம் காட்டுறதத்தான் மொதல்ல எடுப்போம். வவுச்சர் இல்லாத செலவு அங்கதான் இருக்கும்.”

முதலில் அவர் போட்டது மொத்தக் கணக்கு. இந்த ஆட்டத்தில் லாபத்தை அளக்கும் படி, பெரிய பந்தயம். இங்கே அது இருபது ரூபாய். 640 ரூபாய் என்றால் 32 பெரிய பந்தயம். நன்றாக ஆடுபவர் நூறு கைக்கு ஒன்று அல்லது இரண்டு பெரிய பந்தயம் சம்பாதித்தாலே பெரிய விஷயம். அப்படிப் பார்த்தால் நானூறு கைக்கு நியாயமாக வரவேண்டியது எண்பதிலிருந்து நூற்றறுபது ரூபாய். மிச்சம் எங்கிருந்து வந்தது?

சீட்டின் ஊசலாட்டத்திலிருந்து. ஆறு பேர் லிமிட் மேசையில் நூறு கைக்குத் திட்ட விலக்கம் சுமார் 16 பெரிய பந்தயம். கை நான்கு மடங்கானால் ஊசலாட்டம் இரண்டு மடங்காகும். நானூறு கைக்கு 32. ஆக, அவர் வென்ற தொகையும் ஒரு திட்ட விலக்கமும் ஒன்று. வரவும் செலவும் சரிக்குச் சரியாகப் போகும் சாதாரண ஆட்டக்காரர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாலும் ஏறத்தாழ ஆறு இரவில் ஓர் இரவு இவ்வளவோ இதற்கு மேலோ வென்றுவிடுவார். நோட்டின் முதல் பக்கத்தில் இதை எழுதி அடிக்கோடிட்டார். அந்த 640 ரூபாய் அவர் நன்றாக ஆடினார் என்பதற்குச் சாட்சியே அல்ல.

அடுத்தது தனித்தனிக் கைகள். இதற்கு அவர் ஒரு தபால் அட்டை வைத்திருந்தார். அச்செடுத்த தாளில் முடிவு வரும் இடத்தை அட்டையால் மறைத்துக்கொண்டு, முடிவெடுத்த நொடியில் என்ன தெரிந்திருந்ததோ அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவார். அட்டையை எடுப்பது அப்புறம்தான். பெரியவருக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போனது. ஐந்தாவது சீட்டுக்கு ரிவர் என்று பெயர் சொன்னதும் அவர் அதை உடனே தமிழாக்கிக்கொண்டார். “சரி, ஆத்துல என்ன வந்துச்சு?” என்பார் ஒவ்வொரு கைக்கும். பாலாற்றங்கரை மாவட்டத்துக்காரர் கேட்கும்போது அதில் ஒரு கிண்டலும் இருக்கும். எதிர்பார்த்தால் ஆற்றில் ஒன்றும் வராது.

அன்றைக்கு வந்திருந்தது. 61ஆவது கை. இவரிடம் இஸ்பேட் ஒன்பதும் எட்டும். எதிராளி இருபதுக்கு ஏற்றுகிறார், இவர் கட்டுகிறார், கட்டாயப் பந்தயம் போட்ட இருவரும் விலகுகிறார்கள். நடுவில் 55 ரூபாய். ஃப்ளாப்பில் ஆட்டின் ராஜா, டைமன் ஆறு, கிளாவர் ஐந்து. ஒரு ஏழு வந்தால் ஐந்திலிருந்து ஒன்பது வரை வரிசை சேரும். வேறு எதுவும் உதவாது. எதிராளி பத்து வைக்க, இவர் கட்டுகிறார். வந்தால் பின்னால் இருபது இருபதாகக் கறக்கலாம் என்று அதற்காவது சப்பைக்கட்டு கட்டலாம். நாலாவது சீட்டு டைமன் இரண்டு, ஒன்றுக்கும் ஆகாது. எதிராளி இருபது வைக்கிறார். நடுவில் இப்போது 95. இவர் இருபது கட்டவேண்டும்.

கணக்கு எளிது. கண்ணுக்குத் தெரியாத சீட்டு 46. அதில் ஏழு நான்குதான் உண்டு. பன்னிரண்டில் ஏறத்தாழ ஒருமுறைதான் வரும். வந்தால் 95 ரூபாயும், கடைசிச் சுற்றில் ஏற்றிக் கறக்கக்கூடிய நாற்பதும் கிடைக்கும். பெருக்கிக் கழித்தால் அந்த இருபதைக் கட்டும் ஒவ்வொரு முறையும் சராசரியாக ஆறரை ரூபாய் நட்டம். இவர் கட்டியிருந்தார்.

“ஆத்துல என்ன வந்துச்சு?”

அட்டையை எடுத்தார். கிளாவர் ஏழு.

எதிராளி இருபது வைக்க, இவர் நாற்பதாக ஏற்ற, அவரும் கட்டினார். நடுவில் சேர்ந்தது 195 ரூபாய். இவர் போட்ட தொண்ணூறும், நூற்றுக்கு ஐந்து என்று தளம் எடுத்துக்கொள்ளும் பங்கும் போக, லாபம் 95 ரூபாய்ச் சொச்சம். இரவு அந்தக் கையை ஆடி முடித்ததும் மனத்துக்குள் தன்னைத்தானே தட்டிக்கொடுத்துக்கொண்டது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. நோட்டில் எழுதியது: தவறு, ஆறரை ரூபாய்.

இப்படி ஒன்பது கை அகப்பட்டது, எல்லாமே முதல் இரண்டு மணி நேரத்தில். சீட்டு வந்துகொண்டே இருந்ததால் கட்டக்கூடாததையெல்லாம் கட்டியிருக்கிறார், அவற்றில் நான்கு பலித்தும் இருக்கிறது. ஒன்று பலிக்கப் பலிக்க அடுத்ததைக் கட்டக் கை தானாக நீண்டிருக்கிறது.

நடுவில் ஒரு கை இரண்டு ராஜாவோடு தோற்றது. மேலிருந்து கீழ்வரை பார்த்தார், பிசகில்லை. ஒரு வரியோடு விட்டார்.

பிடிபட்ட இரண்டாவது வகைத் தவறு, தவறாகவே தெரியாதது. 290ஆவது கையில் இவரிடம் ஏஸும் பத்தும். ஃப்ளாப்பில் பத்து, ஏழு, மூன்று. மேசையிலேயே பெரிய ஜோடி இவருடையது. பத்து வைத்தார், எதிராளி கட்டினார். நாலாவது சீட்டு நான்கு. இருபது வைத்தார், கட்டினார். ஐந்தாவதாக ஒரு ராஜா வந்தது. எதிராளி ஒன்றும் வைக்காமல் விட, இவரும் பயந்து விட்டுவிட்டார். திறந்தபோது எதிராளியிடம் பத்தும் ஒன்பதும். நடுவிலிருந்த 105 ரூபாய் இவருக்கே வந்தது.

வென்ற கையில் என்ன குற்றம்? வைக்காமல் விட்ட இருபது ரூபாய். எதிராளி நிச்சயம் கட்டியிருப்பார். லிமிட் ஆட்டத்தின் முழு வருமானமும் நூறு கைக்கு ஒன்றிரண்டு இருபது ரூபாய்தான் என்னும்போது, நூறு கையில் ஓர் இருபதை இப்படிக் கோட்டைவிட்டால் சம்பாதித்தது பாதியோ முழுதோ போய்விடும். வரம்பில்லாத ஆட்டத்தில் ஒரே கையில் சறுக்கினால் ஊருக்கே தெரியும். இங்கே விட்டது யாருக்கும் தெரியாது, விட்டவருக்கும்கூட. பதிவில் அது ‘வென்றார்’ என்றே இருக்கும். அன்று அப்படி ஐந்து கை. எல்லாம் நள்ளிரவுக்குப் பிறகு.

மூன்றாவது வகைக்கு வருவதற்கு முன் ஓர் இயந்திரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். 2015 ஜனவரியில் ‘சயன்ஸ்’ இதழில் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்து மைக்கேல் பௌலிங் குழு ஒரு முடிவை வெளியிட்டது. இருவர் ஆடும் லிமிட் போக்கரைக் கிட்டத்தட்ட முழுமையாகத் தீர்த்துவிட்டோம் என்றார்கள். செஃபியஸ் என்ற அந்த நிரல் 4,800 கணினிச் செயலிகளில் 68 நாள் தன்னோடு தானே ஆடியது. அது கற்ற முறைக்கு மையமான சொல், ‘வருத்தம்’. ஒவ்வொரு முடிவிலும், ‘இங்கே வேறு மாதிரி ஆடியிருந்தால் சராசரியாக எவ்வளவு கூடுதலாகக் கிடைத்திருக்கும்?’ என்று கணக்கிட்டு அந்த வருத்தத்தைச் சேர்த்துக்கொண்டே போய், அதைக் குறைக்கும்படி ஆட்டத்தைத் திருத்திக்கொள்ளும். வென்ற கை, தோற்ற கை என்ற பேதம் அதற்குக் கிடையாது. வென்ற கைக்காகவும் வருத்தப்படும் ஒரு பொருளை மனிதர்கள் செய்துவிட்டார்கள் என்று படித்தபோதுதான் தபால் அட்டை யோசனை அவருக்கு வந்தது. செஃபியஸ் தீர்த்தது இருவர் ஆட்டத்தை மட்டும். ஆறு பேர் மேசைக்கு அதில் விடையில்லை, நோட்டுதான் கதி.

இனி 388ஆவது கை. ஒரே நேரத்தில் ஆடிக்கொண்டிருந்த இரண்டு மேசையில் ஒன்று கலைந்துவிட்டது. மணி இரண்டு. இவரிடம் இரண்டு ஜாக். இருபதுக்கு ஏற்ற, கடைசியில் பேசுபவர் முப்பதாக்க, இன்னொருவரும் சேர்ந்தார். ஃப்ளாப்பில் ராணி, எட்டு, நான்கு. கடைசி ஆள் பத்து வைக்க, மூவரும் இருந்தார்கள். நாலாவது சீட்டு மூன்று. அவர் இருபது வைக்க, அந்த மூன்றாமவர் விலகினார், இவர் கட்டினார். நடுவில் 165. ஐந்தாவது சீட்டு ஏஸ். அவர் மறுபடியும் இருபது வைத்தார்.

185 ரூபாய்க்கு இருபது. பத்தில் ஒருமுறை எதிராளி வெறுங்கையோடு மிரட்டுகிறார் என்றாலும் கட்டுவதில் நட்டமில்லை. இவர் சீட்டைக் கவிழ்த்துவிட்டார்.

ஏன்? மேசையில் ஏஸும் ராணியும் கிடந்தன, உண்மை. ஆனால் காரணம் அதுவல்ல. திரையின் ஓரத்தில் அன்றைய லாபம் அறுநூறைத் தாண்டி நின்றது. அது குறையக்கூடாது என்று தோன்றியது. அந்தக் கடைசி மணி நேரத்தில் கவிழ்த்த கைகளை வரிசையாக எடுத்து வைத்தபோது எல்லாமே ஒரே முகமாக இருந்தன. இரவின் முற்பாதியில் லாபம் அவரை ஊதாரியாக்கியிருக்கிறது, பிற்பாதியில் கஞ்சனாக்கியிருக்கிறது. இரண்டு இடத்திலும் சீட்டைப் பார்த்து அவர் ஆடவில்லை, இருப்பைப் பார்த்து ஆடியிருக்கிறார். தோற்ற இரவாக இருந்திருந்தால் இதை ஒரே நாளில் பிடித்திருப்பார். வென்ற இரவுகளில் இப்படி எத்தனை வருடமாக நடந்ததோ!

பெரியவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “வள்ளுவர் சூதுக்குன்னு தனி அதிகாரமே வெச்சார் தெரியுமில்ல? தொண்ணூத்தி நாலு. மொதக் கொறளே தோத்தவனுக்கு இல்லப்பா, செயிச்சவனுக்கு.” வென்ற பணத்தைத் தூண்டில் முள்ளை மீன் விழுங்கியதற்கு ஒப்பிட்டது அந்தக் குறள். கடலோர மாவட்டத்தில் யாருக்கும் விளக்கவேண்டாத உவமை. வள்ளுவர் பரிசோதித்ததும் வென்ற ஆட்டத்தைத்தான் என்று சொல்லி இவர் சமாளித்தார். பெரியவர் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு இவர் கண்டுபிடித்ததுதான் அந்தத் தணிக்கையில் எதிர்பாராதது. லாபம் எந்தெந்த ஆளிடமிருந்து வந்தது என்று பிரித்தார். 640இல் 500க்கு மேல் ஒரே ஆளிடமிருந்து. 388ஆவது கையில் கடைசியாகப் பேசியவரும் அவரே. பதினொரு மணிக்கு அவர் ஒழுங்காகத்தான் ஆடியிருக்கிறார். பன்னிரண்டுக்குத் தோற்கத் தொடங்கியதும் கை பார்க்காமல் கட்டியிருக்கிறார். ஒன்றரைக்கு மேல் எந்த இரண்டு சீட்டு வந்தாலும் விடாமல் ஏற்றியிருக்கிறார். இரண்டு முறை பணம் தீர்ந்து மீண்டும் போட்டிருக்கிறார். அப்படிப்பட்டவர் கடைசி இருபதை நாலில் ஒருமுறையாவது வெறுங்கையோடு வைத்திருப்பார் என்று கொண்டால், அந்த ஜாக் ஜோடியைக் கவிழ்த்தது மட்டுமே 31 ரூபாய்த் தவறு. அந்த இரவின் ஆகப் பெரிய தவறு. இதை எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். எதிராளியின் விரக்தியை நாலில் ஒன்று என்று பின்னமாக்கியிருப்பது எழுதிய பிறகுதான் அவருக்கு உறைத்தது.

பிறகு நடந்தது நாடறிந்தது. 2020 நவம்பரில் தமிழ்நாட்டு அரசு பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்கு அவசரச் சட்டத்தில் தடை போட்டது. அடுத்து வந்த திருத்தச் சட்டத்தை 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. இணைய ரம்மியில் பணம் இழந்தவர்களின் தற்கொலைச் செய்திகள் ஓயாமல் வந்த நிலையில், 2022 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைந்தது. 2023 ஏப்ரலில் புதிய சட்டம். அந்த நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று அவற்றை மட்டும் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தது. ரம்மியைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1967இலேயே ஏறத்தாழ அப்படித்தான் சொல்லியிருந்தது. ரயில் பெட்டி ரம்மிக்காரர்களுக்கு மனப்பாடமான தீர்ப்பு அது. 2025 பிப்ரவரியில் மாநில இணைய ஆட்ட ஆணையம் நள்ளிரவு பன்னிரண்டு முதல் காலை ஐந்து வரை ஆடக்கூடாது என்று விதி கொண்டுவந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் எல்லா இணைய ஆட்டத்தையும் தடை செய்தது.

இவர் 2020 நவம்பரோடு நிறுத்தியவர். பிறகு கதவு திறந்தபோதும் போகவில்லை. 2023 அக்டோபரிலிருந்து தளத்தில் போடும் பணம் முழுவதற்கும் 28 விழுக்காடு ஜிஎஸ்டி வந்தபோது, நூறு கைக்கு இருபது ரூபாய் சம்பாதிக்கும் ஆட்டம் தானாகவே செத்துவிட்டது என்பது அவருடைய கணக்கு. நள்ளிரவு விதியைப் பற்றி மட்டும் வாதம் செய்ய மாட்டார். அந்த இரவு அவருடைய லாபத்தின் பெரும்பகுதி பன்னிரண்டிலிருந்து இரண்டரைக்குள் வந்தது என்று நோட்டில் அவர் கையாலேயே எழுதியிருக்கிறது.

நடுவில் ஒருமுறை மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரிக்குப் போனார். 2022 ஜூலை கடைசியில் தொடங்கிய 44ஆவது செஸ் ஒலிம்பியாட். பதினாறு வயது இந்திய வீரர் குகேஷ் வரிசையாக எட்டு ஆட்டம் வென்றிருந்தார். பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவுக்கு எதிராக நன்றாக ஓங்கியிருந்த நிலையிலிருந்து, நேரம் நெருக்கக் குதிரையைப் பறிகொடுத்துத் தோற்றார். அந்த ஆட்டத்தை உலகமே பிரித்து மேய்ந்தது. அந்த எட்டு வெற்றிகளில் கோட்டைவிட்ட இடங்கள் எவையென்று யார் பார்த்திருப்பார்கள் என்பதே இவருடைய ஐயம். பார்த்திருப்பார்கள். செஸ்காரர்கள் வென்றாலும் தோற்றாலும் எழுந்திருக்கும் முன்பே எதிராளியோடு காய்களைத் திரும்ப அடுக்கி ஆராய்பவர்கள். அவர்களுக்குப் பலகையில் எல்லாம் தெரியும். சீட்டில் கவிழ்த்த கை கவிழ்த்ததுதான், எதிராளி கடைசிவரை எதைக் காட்டமாட்டாரோ அதை வைத்துத்தான் தீர்ப்பு எழுதவேண்டும்.

பெரியவர் இப்போதும் சனிக்கிழமைகளில் ஏரிக்கரைக்கு வருகிறார். பார்வை மங்கிவிட்டதால் இவர் படித்துச் சொல்லவேண்டும். போன மாதம் பழைய நோட்டிலிருந்து 388ஐ எடுத்தார், ஆள் யாரென்று சொல்லாமல். இரண்டு ஜாக். ராணி, எட்டு, நான்கு. மூன்று. ஏஸ். நடுவில் 185, கட்டவேண்டியது இருபது.

“கட்டு,” என்றார் பெரியவர் உடனே. “இதுக்கெல்லாம் யோசிப்பாங்களா? அவன் கையில என்ன இருந்துச்சு?”

“கவுத்துட்டேன் சார். தெரியாது.”

“தெரியாதா?” பெரியவருக்கு ஏமாற்றம். கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த கையைப் படிக்கச் சொன்னார்.